கடல் போய்விட்ட ஊர்கள்

இத்தாலியில், ராவென்னாவுக்குத் தெற்கே, கிளாஸ்ஸே என்று ஒரு குட்டி ரயில் நிலையம் இருக்கிறது. இறங்கினால் ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றி வயல், கொஞ்ச தூரத்தில் வேலி போட்ட ஒரு தொல்லியல் பூங்கா. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கல் பாவிய தெரு, அடித்தளம் மட்டும் மிஞ்சிய கிடங்குகள், ஓரமாக ஒரு நீளமான பள்ளம். அந்தப் பள்ளம்தான் கால்வாய், கப்பல்கள் இங்கேதான் நின்றன என்று பலகையில் எழுதியிருந்தது. ரோமப் பேரரசன் அகஸ்டஸ் தன் கடற்படையை நிறுத்தி வைத்த துறைமுகம். ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் கிளாஸ்ஸிஸ் என்றால் கடற்படை. கடல் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். காணோம். மேப்பில் தேடினால் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி, பைன் காட்டுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு.

அப்போது எனக்கு வந்தது கூச்சம். நான் உடன்குடிக்காரன். என் வீட்டு வாசலிலிருந்து பைக் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் கொற்கை. அதுவும் கடல் போய்விட்ட துறைமுகம். அதுவும் வயலுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'கொற்கை பாண்டியர்களின் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது' என்று ஐந்து மார்க் கேள்விக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்! முப்பத்து நான்கு வயசு வரைக்கும் அங்கே கால் வைத்ததில்லை. மூன்று மாத ப்ராஜெக்ட்டுக்காக பொலோன்யா வந்தவன், வாரக் கடைசியில் ஒன்றேகால் மணி நேர ரயிலில் வந்து, காசு கொடுத்து அடுத்தவன் ஊர்க் கொற்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ராவென்னா மாகாணத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். காலையில் பழைய ஊர், மொசைக், தாந்தேயின் கல்லறை. மதியத்துக்கு மேல் கடற்கரை. வரிசையாக லீதோக்கள், குடை, சாய்வு நாற்காலி, ஐஸ்கிரீம். இன்னும் தெற்கே போனால் செர்வியா. அங்கே உப்பளம் இருக்கிறது, உப்புக்கு ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. பழைய செர்வியா உப்பளங்களுக்கு நடுவே காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தது என்பதால் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் போப்பாண்டவர் உத்தரவு போட்டு ஊரையே பெயர்த்துக் கடலோரமாகக் கட்டினார்கள். அங்கே குட்டித் துணிப்பையில் கட்டி விற்கிற உப்பின் விலைக்கு தூத்துக்குடியில் மூட்டையாக வாங்கலாம். வாங்கினேன், அதை விடுங்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். "எய்யா, எங்க போற?" என்றாள் ஆச்சி. கொற்கை என்றேன். "அங்க என்னத்தப் பாக்கப் போற? வாழதான் நிக்கும்."

வாழைதான் நின்றது. திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆத்தூர் தாண்டி உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் வாழை, நெல், நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால். கொற்கை ஒரு கிராமம். பெரிய குளம் ஒன்று. இரண்டாயிரம் வருஷம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற ஒரு வன்னிமரம், தரையோடு படுத்து மறுபடி எழுந்த மாதிரி. அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கிற இடம். பாண்டியரின் தங்கசாலை இருந்த ஊரில் அந்தப் பெயர் மட்டும் சிவனோடு ஒட்டிக்கொண்டு மிஞ்சியிருக்கிறது. 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரியை ஆய்வு செய்து பொ.ஆ.மு. 785 என்று காலம் சொன்னார்கள். தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், சிப்பி, சங்கு கிடைத்தன. 2021இல் மறுபடி தோண்டினார்கள். நான் போனபோது குழிகள் மூடியிருந்தன. கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்.

கடல் எங்கேயும் ஓடிப்போகவில்லை, தாமிரபரணி நிலத்தைக் கொண்டுவந்து போட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஆறு அள்ளி வருகிற வண்டல், கடலைத் தொடும் இடத்தில் வேகம் குறைந்ததும் படிகிறது. படியப் படிய முகத்துவாரம் தூர்ந்து கிழக்கே நகர்கிறது. ராவென்னாவுக்கு போ ஆறு செய்ததும் இதுவேதான். கழிமுகத்தில் துறைமுகம் கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு: உள்நாட்டுச் சரக்கைக் கொண்டுவருகிற ஆறே கடைசியில் துறையை மூடிவிடும். துறைமுகத்தைக் கைவிட்டு வணிகர்கள் ஆற்றின் பின்னாலேயே போவார்கள். கொற்கை தூர்ந்தது, பழையகாயல் வந்தது. பழையகாயல் தூர்ந்தது, புன்னைக்காயல் வந்தது. கடைசியில் ஆற்றோடு சம்பந்தமே இல்லாத தூத்துக்குடிக்கு எல்லாம் போய்ச்சேர்ந்தது. நம் கரையோர வரலாற்றின் பாதிக்கு மேல் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.

மீதிப் பாதி முத்து.

கொற்கை முத்தைப் பற்றி நமக்குக் கவிதை நிறைய இருக்கிறது. அலை எறிந்த முத்துகள் குதிரைகளின் நடைக்கு இடைஞ்சலாகக் கிடக்கின்றன என்று அகநானூற்றில் ஒரு காட்சி வரும். சிலம்பு வழக்கே, அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்பதில்தானே முடிகிறது! ஆனால் அந்த முத்தை எடுத்தது யார் என்று கேட்டால், கிட்டத்தட்ட அதே காலத்து வேறொரு சாட்சியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எகிப்திலிருந்து வந்துபோன ஒரு பெயர் தெரியாத கிரேக்க வணிகன் முதலாம் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளஸ். பாண்டிய நாட்டின் கொல்கோயில் முத்துக்குளிப்பு நடக்கிறது, அதைச் செய்வது தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று போகிறபோக்கில் ஒரு வரி. சரக்குப் பட்டியலுக்கு நடுவில், மிளகு விலை சொல்கிற தொனியில். முதல் தடவை வாசித்தபோது எனக்குத் திக்கென்றது. வாட்ஸ்அப்பில் 'பாண்டியன் முத்து ரோமாபுரி ராணி கழுத்தில்' என்று ஃபார்வர்டு அனுப்பும் என் சித்தப்பாவுக்கு இந்த வரியை அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது, அத்தோடு சரி.

கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவது, மூச்சு முட்டுகிற வரை சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போடுவது, கயிற்றை இழுத்ததும் மேலே இருப்பவன் தூக்குவது. முத்துக்குளிப்பின் முறை 1961 வரைக்கும் இதுதான், பெரிதாக மாறவில்லை. ஆள்தான் மாறினான், அவனிடம் பங்கு வாங்குகிறவனும் மாறினான்.

பழையகாயலில் நின்றபோது அந்தப் பங்கு ஞாபகம் வந்தது. திருச்செந்தூர்-தூத்துக்குடி சாலையில் பஸ்ஸில் நூறு தடவை கடந்திருக்கிறேன். உப்பளம், பனை, அணுசக்தித் துறையின் சிர்க்கோனியம் ஆலை. 1290களில் சீனாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெனிஸ்காரன் இந்தக் காயலைப் பார்த்து, பெரிய, சிறந்த நகரம் என்று எழுதினான். அது மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம். ஹோர்முஸ், ஏடன், அரபு நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் வரும் கப்பல்கள் இங்கே தொட்டுப் போகும், குதிரை இறங்கும் என்கிறான் மார்க்கோ போலோ. வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குவார்களாம், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். லாடம் அடிக்க ஆள் கிடையாது, தெரிந்த ஆட்களை வணிகர்களும் வர விடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! அதைப் படித்துவிட்டு எங்கள் டீமில் ஒருவன், "இது லைசென்ஸ் ரினீவல் மாதிரில்லா இருக்கு" என்றான்.

முத்துக்குளிப்பையும் போலோ கணக்காக எழுதியிருக்கிறான். ஏப்ரலிலிருந்து மே பாதி வரை. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்பவர்களுக்கு. இந்த மந்திரக்காரர்தான் நம் ஊரில் கடல்கட்டி. போலோவுக்கு ஐந்நூறு வருஷம் கழித்து, ஆங்கிலேயர்கள் முத்துச் சலாபம் நடத்தியபோதும் கடல்கட்டி இருந்தார். அவர் வராவிட்டால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. மூடநம்பிக்கை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கீழே இறங்குகிறவனுக்கு வேறு எந்தப் பாதுகாப்பும் யாரும் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று வைத்துக்கொண்டால் இருபதில் ஒரு பங்கு ரொம்ப அதிகமும் இல்லை.

போலோ சொன்ன ஊர் இதுதான் என்று காட்டிக் கொடுத்தவர் இடையன்குடியில் இருந்த கால்டுவெல். 1870களில் அவர் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். மைல் கணக்கில் நடந்தாலும் காலடியில் சீனத்து ஓடும் அரபு ஓடும் கிடந்தன என்று எழுதியிருக்கிறார். நான் நடந்த அரை மணி நேரத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தெரியாமல் மிதித்திருக்கலாம்.

காயல்பட்டினத்தில் நண்பன் வீட்டில் களரிச் சாப்பாடு. கடல் வணிகத்தின் அந்தக் கிளை இன்னும் சாகாமல் இருக்கும் ஊர் அது. ஹாங்காங்கிலும் கொழும்பிலும் வளைகுடாவிலும் ஆள் இருக்கிறார்கள். "ஒனக்கு போலோ வேணுமா, எங்க வாப்பாவோட பாஸ்போர்ட்ட பாரு" என்றான் நண்பன். அந்தக் களரிக்கறியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் ஒதுங்கி நிற்கிறது. 1530களில் இந்தக் கரை முழுக்க ஒரு பேரம் நடந்தது. முத்துக்குளிப்புக் குத்தகையை வைத்திருந்த வணிகர்களோடு பரதவர்களுக்குச் சண்டை முற்றி, உயிர் போகிற நிலை. ஜோவாவ் த க்ரூஸ் என்று, கோழிக்கோட்டிலிருந்து வந்து கிறிஸ்தவரான குதிரை வியாபாரி ஒருவர் வழி சொன்னார்: கொச்சிக்குப் போங்கள், போர்ச்சுக்கீசியர்களிடம் பாதுகாப்புக் கேளுங்கள். பட்டங்கட்டிகள் போனார்கள். 1536-37இல் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. போர்ச்சுக்கீசியர்களுக்கு முத்து கிடைத்தது. பரதவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்ததா? 1544இல் விஜயநகரத்து வடுகர் படை வந்தபோது மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறித் தண்ணீரும் சோறும் இல்லாமல் கிடந்தார்கள். படகில் உணவு அனுப்ப அலைந்தவர் சவேரியார். அந்தக் காலத்துக் கடிதங்களில் அவர் வடுகரைவிடக் கோபமாக எழுதுவது தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுக்கீசியக் கேப்டனைப் பற்றித்தான்.

இன்னொரு கடிதச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. முத்துக்குளித்துறையிலிருந்து வருஷம் 4000 பணம் போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் ராணிக்கு எழுதி, அந்தப் பணத்தை இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்களின் சம்பளத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். ராணியும் கொடுத்தாள். முக்குளிக்கிறவனின் மூச்சு லிஸ்பனில் செருப்பாகி, மறுபடி மணப்பாட்டில் உபதேசியார் சம்பளமாகித் திரும்பியிருக்கிறது.

அந்தப் பணத்தில் வேறொன்றும் முளைத்தது என்று நினைத்துக்கொள்கிறேன். அண்ட்ரீக் அடிகள் என்ற ஹென்றிக்கஸ் பல வருஷம் புன்னைக்காயலில் இருந்து, இந்தப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பேசிப் பேசித்தான் தமிழ் படித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம், இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம். 1586இல் அடியார் வரலாறு. அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது. இன்று நீங்கள் ஃபோனில் தமிழ் வாசிப்பதன் நூல் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இந்த மீன்வாடை அடிக்கிற தெருவுக்கு வந்து சேரலாம்.

ராவென்னா ஆட்களுக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே பிராந்தியத்தில், பார்மா பக்கத்து சிஸ்ஸா என்ற ஊரில் பிறந்த அந்தோனியோ கிரிமினாலி முத்துக்குளித்துறை இயேசு சபையினரின் தலைவராக இருந்தார். 1549இல் வேதாளையில் படையெடுப்பின்போது, ஓடிக்கொண்டிருந்த மக்களைப் படகில் ஏற்றிவிட்டுக் கரையிலேயே நின்று கொல்லப்பட்டார். வீரமாமுனிவரும் வடக்கு இத்தாலிக்காரர், மாந்துவா பக்கத்து காஸ்தில்யோனே. கடைசிக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்தார். அவர் பேர் எல்லோருக்கும் தெரியும். கிரிமினாலியை வேதாளைக்கு வெளியே யாருக்குத் தெரியும்?

மணப்பாட்டுக்கு சாயங்காலம் போவது நல்லது. மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே பாறையில் சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை, கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. 1540இல் புயலில் சிக்கிக் கரைசேர்ந்த ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவை என்பது ஊர் மரபு. அதை ஆவணம் கேட்டுச் சோதிக்க எனக்கு மனசில்லை. இப்போது அலைச்சறுக்கு விளையாட வருகிறார்கள், இன்ஸ்டாவில் 'மினி கோவா' என்று போடுகிறார்கள். கோவாவின் தலைமையகத்திலிருந்து ஆணை வாங்கிய ஊர் என்ற அர்த்தத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம்.

குன்றில் உட்கார்ந்திருந்தபோது தியோதோரா ஞாபகம் வந்தாள். ராவென்னாவில் 547இல் அபிஷேகம் செய்யப்பட்ட சான் வித்தாலே ஆலயத்தின் சுவரில் பைசாந்தியப் பேரரசி நிற்கிறாள். கிரீடத்திலிருந்து தோள் வரை முத்துச் சரம். அந்த முத்துகளைச் செய்ய மொசைக்கில் சிப்பியின் உள்ஓட்டையே வெட்டிப் பதித்திருக்கிறார்கள். பாரசீக வளைகுடாவும் மன்னார் வளைகுடாவும்தான் அன்றைக்கு முத்துக்குப் பெரிய ஊற்றுகள், எனவே அவள் காதில் நம் கடல் தொங்கியிருக்கலாம். என் சித்தப்பா இதோடு நிறுத்திக்கொள்வார்.

அதே ஊரில் இன்னொரு தேவாலயம், சான்ட் அப்போல்லினாரே நுவோவோ. அங்கே ஒரு பக்கச் சுவரில் கிளாஸ்ஸே துறைமுகம், கப்பல்களோடு. எதிர்ச் சுவரில் கோத் மன்னன் தியோடெரிக்கின் அரண்மனை. தூண்களுக்கு நடுவே அவனும் அவன் ஆட்களும் நின்றிருந்தார்கள். பைசாந்தியர்கள் ஊரைப் பிடித்த பிறகு அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலையை வரைந்தார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் தெரிகிறது: திரை, தூண், தூணில் யாருடையது என்று தெரியாத விரல்கள்.

பெரிப்ளஸின் அந்த ஒரு வரி எனக்கு அப்படியொரு விரல் மாதிரி இருக்கிறது. கடல்கட்டிக்குக் கொடுத்த பங்கும் அப்படித்தான். ஆங்கிலேயர் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு முக்குளித்தவனுக்கு என்ற கணக்கும்தான்.

1955இலிருந்து 61 வரை தூத்துக்குடியில் வருஷா வருஷம் சலாபம் நடந்தது. 1961தான் கடைசி. அதன் பிறகு பார்களில் சிப்பி அந்த அளவுக்குச் சேரவே இல்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார்கள். தொழில்நுட்பம் ஜெயித்தது, தொழில் திரும்பி வரவில்லை. கடைசிச் சலாபத்தில் இருபது வயசில் இறங்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்களுடைய குரலைப் பதிவுசெய்ய இனி பத்து வருஷம்கூட இல்லை.

திரும்புகிற வழியில் குலசேகரன்பட்டினம். காயலில் போலோ பார்த்த அதே குலசேகரனின் பெயர் என்பார்கள். தசராவுக்கு வேஷம் கட்டிக் காணிக்கை பிரித்து முத்தாரம்மனுக்குப் போடுகிற கூட்டம் தெரிந்த அளவுக்கு, ஊரின் மற்ற கதை தெரியாது. 1942 செப்டம்பரில் இங்கே உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதித்து, பிறகு அது நிறைவேறாமல் தப்பினார்கள். அதற்கும் முன்னால் பாரி கம்பெனி பனையை நம்பி ஒரு சர்க்கரை ஆலை நடத்தியது. திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை குட்டி ரயில் ஓடியது. 1940இல் அதுவும் நின்றது. ஆச்சியின் அப்பா அதில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றியவர். உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஏற்றுவதற்கு ரயில்தான் இல்லை.

கிளாஸ்ஸேயிலும் ஒரு பழைய சர்க்கரை ஆலை இருந்தது. 2018இல் அதைத்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தூர்ந்த துறைமுகத்தில் கிடைத்த ஜாடி, விளக்கு, நாணயம் எல்லாம் பாய்லர் நின்ற கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்கூல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

குலசைக்குத் தெற்கே இப்போது வேலி போட்டுவருகிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம், மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சி, படுக்கப்பத்துப் பக்கம் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். காரணம் எளிமையானது, பொறியாளனாக எனக்குப் பிடித்தும் இருக்கிறது. துருவச் சுற்றுப்பாதைக்குப் போகிற ராக்கெட் நேர் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். வளைந்து போனால் எரிபொருள் வீணாகும். சின்ன ராக்கெட்டால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது. குலசையிலிருந்து தெற்கே அண்டார்டிகா வரை வெறும் தண்ணீர். ஆறு தூர்த்து மூட முடியாத துறைமுகம் இந்தக் கரைக்கு முதல் தடவையாக வருகிறது.

வேலிக்கு வெளியே தேரிமணலில் பைக்கை நிறுத்தி நண்பனுக்கு இதை விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடே, ராக்கெட் விடுற அன்னைக்கு மணப்பாட்டுக்காரன் கடலுக்குப் போலாமா, கூடாதா?" என்றான்.

அன்று ராத்திரி ஆச்சி தோசைக்குக் கருப்பட்டிப் பாகு ஊற்றிக்கொண்டே கேட்டாள், "என்னய்யா, கொற்கைல என்ன இருந்துச்சு?"

வாழைதான் ஆச்சி என்றேன். "நாந்தான் சொன்னேம்லா" என்றாள்.